உப்பு மூட்டை தூக்கிய ராணி

இனெஸ்ஸா பாவ்லோவ்னா ஒரு ராணி. எந்த நாட்டுக்கு என்று கேட்காதீர்கள். எங்கள் சொலேவார்ஸ்க் பாலே தியேட்டரில் எந்தக் கதை ஆடினாலும், அந்தக் கதையில் ஒரு நாடு இருந்தால், அதற்கு அவள்தான் ராணி. இளவரசன் வேட்டைக்குப் போக வேண்டுமென்றால் அவள் தலையசைக்க வேண்டும். இளவரசி மயங்கி விழுந்தால் அவள் நெஞ்சில் கைவைத்துப் பதற வேண்டும். மற்ற நேரமெல்லாம் சிம்மாசனத்தில் நேராக உட்கார்ந்து, மற்றவர்கள் வியர்க்க விறுவிறுக்க ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்குச் சம்பளம் உண்டு. ராணிகள் வாங்குகிற சம்பளம் இல்லை.

ஊரும் அவளை விடாது. மீன்கடை வரிசையில் நின்றால், "ராணியம்மாவ முன்னால விடுங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவளும் கூச்சப்படாமல் முன்னால் போவாள். பிறகு அந்த மீனையும் உருளைக்கிழங்குப் பையையும் தூக்கிக்கொண்டு, லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி ஏறுவாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவாள். அப்போதுகூட முதுகு வளையாது. அந்த முதுகுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

அவள் பிறந்தது மாஸ்கோவில். அம்மா செத்தபோது இவள் சின்னக் குழந்தை. பதின்மூன்று வயது மூத்த அக்கா காபா, அம்மா வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையில் அம்மாவின் இடத்திலேயே போய் உட்கார்ந்து, தங்கையை பாலே பள்ளியில் சேர்த்தாள். பள்ளியில் விழா நடந்த மாலைகளில் எல்லாம் காபாவுக்கு இரண்டாம் ஷிப்ட். படிப்பு முடிந்ததும், அரசாங்கம் விரல் நீட்டிய ஊருக்குப் போக வேண்டிய காலம் அது. விரல் எங்கள் ஊரைக் காட்டியது. ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பதினெட்டு வயதில் இனெஸ்ஸா ரயிலேறினாள்.

கூட்டத்தோடு ஆடும் அன்ன வேஷக்காரிகளில் ஒருத்தியாக ஏழு வருஷம் ஆடினாள். காபா ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். அந்த வாரம் பார்த்துத்தான் இவளுக்குக் கால் முறிந்தது. அக்கா பார்த்துவிட்டுப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலும் மாவுக்கட்டும்தான். கால் கூடியது, ஆட்டம் கூடவில்லை. தியேட்டர் அவளைத் துரத்தாமல் சிம்மாசனத்தில் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு காபாவின் கணவருக்குப் பக்கவாதம், அப்புறம் காபாவுக்கே முழங்கால் போயிற்று. பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில்.

"இந்த வாரம் என்ன ஆடின?" என்பாள் காபா.

"ஆடல. உட்கார்ந்தேன்."

"உட்கார்றதுக்காடி உன்ன அவ்வளவு வருஷம் படிக்க வச்சேன்?"

"நேரா உட்காரணும்க்கா. செஞ்சு பாத்தா தெரியும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். போனை வைத்த பிறகு இனெஸ்ஸா கொஞ்ச நேரம் சிரிக்க மாட்டாள். தன்னை ஆளாக்கியவள் தன்னை மேடையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், காமா நதி உறைந்து கிடந்த பிப்ரவரியில், மாஸ்கோவிலிருந்து எங்கள் தியேட்டருக்கு ஒரு அழைப்பு வந்தது. வசந்தத்தில் வாருங்கள், பெரிய மேடை, ஒரு மாலை, ஒரு நாட்டியம். எங்கள் குழு மாஸ்கோவைப் பார்த்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஊரே பேசியது.

எதைக் கொண்டுபோவது? இரண்டில் ஒன்று. முதலாவது, உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த அன்னங்களின் கதை. அதில் ராணி உண்டு. இரண்டாவது, "உப்புப் படகு". எங்கள் குழுவின் கலை இயக்குநர் ராபர்ட் ஃபைஸோவிச் தானே அமைத்தது. இந்த ஆற்றங்கரையில் உப்பு மூட்டை சுமந்த பெண்களின் கதை. மூட்டையில் உரசி உரசி அவர்கள் காது சிவந்து தடித்துப்போகும். அதனால்தான் வெளியூர்க்காரர்கள் எங்களை இன்றைக்கும் உப்புக்காது என்று கேலி பண்ணுகிறார்கள். அதில் ராணி கிடையாது. உப்பு சுமப்பவர்களுக்கு ஏது ராணி?

முடிவு செய்யத் தியேட்டரின் ஆலோசனைக் குழு கூடியது. மூத்தவள் என்ற முறையில் இனெஸ்ஸாவுக்கும் அதில் ஒரு ஓட்டு. மேஜையில் தேநீரும், கடித்தால் சட்டையில் சாறு தெறிக்கும் எங்கள் ஊர் இறைச்சிப் பணியாரமும் இருந்தன.

இசை நடத்துநர் கிளேப் முதலில் எழுந்தார். அன்னங்களின் இசையில் உள்ள ஆழம் பற்றிப் பேசினார். மேடைப் பொறுப்பாளர் சாவ்வா எழுந்து, மண்ணின் கதைதான் மாஸ்கோவுக்குப் போக வேண்டும் என்றார். உடைப் பிரிவுக்காரம்மா, தூய்மை என்றால் வெள்ளைதான் என்றார். கலை, மரபு, ஆன்மா என்று அரைமணி நேரம் ஓடியது. ஆளாளுக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்கள். இனெஸ்ஸாவுக்கு அது தெரியும். தன் முறை வந்தபோது அவளும் ஒரு அழகான வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். வேறு வந்தது.

"அன்னம்தான் போகணும். ஏன்னா அதுல நான் இருக்கேன். மாஸ்கோவுல எங்க அக்கா இருக்கா, அவளால நடக்க முடியாது, அவ என்ன மேடையில பாத்ததே இல்ல. வேற காரணம் ஒண்ணும் இல்ல. ஆழம் கீழமெல்லாம் எனக்குத் தெரியாது."

சாவ்வா வாயில் போட்ட பணியாரத்தை மெல்லாமல் வைத்திருந்தார். பிறகு கிளேப் தொண்டையைச் செருமினார்.

"உண்மையச் சொல்லணும்னா... உப்புப் படகுல எக்காளத்துக்குப் பெரிய இடம் இருக்கு. நம்ம எக்காளக்காரனும் நானும் கோடையிலேர்ந்து பேசறதில்ல. தோட்ட வேலி தகராறு."

"அடப்பாவி!" என்றார் சாவ்வா. "இதுக்கா ஆழம்னு அளந்த?"

"நீ மட்டும் என்ன? அந்தப் படகு நீ செஞ்சது. அத மாஸ்கோக்காரன் பாக்கணும்."

"ஆமாய்யா, நான் செஞ்சதுதான்! மூணு மாசம் இழைச்சேன். பாக்கட்டுமே, பாத்தா என்ன?"

உடைப் பிரிவுக்காரம்மாவும் ஒத்துக்கொண்டாள்: அன்ன உடைகளைப் போன மாதம்தான் புதிதாகத் தைத்து முடித்திருந்தார்கள். ராபர்ட் ஃபைஸோவிச் கையை விரித்தார். "என் காரணம் எல்லாருக்கும் தெரியும். அது என் பிள்ளை." அறையே சிரித்தது. அவரவர் மறைத்து வைத்ததை அவரவரே மேஜையில் போட்ட பிறகு, மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். எது நல்ல நாட்டியம்?

ராபர்ட் மெதுவாகச் சொன்னார். "மாஸ்கோவுல அன்னத்துக்குப் பஞ்சமா? கொல்லன் தெருவுல போய் ஊசி விக்கறதா?"

கைகள் உயர்ந்தன. கிளேப்பின் கையும் உப்புக்குத்தான் உயர்ந்தது. பேசாமல் ஆழம், மரபு என்றே விட்டிருந்தால் அன்னம் ஜெயித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இனெஸ்ஸா உண்மையைச் சொன்னாள், அந்த உண்மையே அவளைத் தோற்கடித்தது. எழுந்து, ராணி உடையின் பின்னால் இழுபடும், இப்போது இல்லாத தோகையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபாவின் குரலில் இருபது வயது குறைந்திருந்தது.

"பேப்பர்ல போட்டிருக்காண்டி! உங்க ஊர்ப் பேரு! கீழ் வீட்டு நீனாகிட்ட சொல்லிட்டேன், என் தங்கச்சி ராணியா வர்றான்னு. அவளும் வர்றா. அவ மகன் கார்ல கூட்டிட்டுப் போறான். நல்ல கிரீடமா வச்சிட்டு வா."

"சரிக்கா" என்றாள் இனெஸ்ஸா.

மறுநாள் காலை ராபர்ட் ஃபைஸோவிச்சின் கதவைத் தட்டினாள்.

"உப்புப் படகுல அம்மா வேஷம் எனக்குக் குடுங்க."

அந்த வேஷத்தை ஆடியவள் இலையுதிர் காலத்தில் வேலையை விட்டுப் போயிருந்தாள். ஒரு சின்னப் பெண்ணுக்கு நரைமுடி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இனெஸ்ஸா பாவ்லோவ்னா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ராணி. உங்க எலும்பெல்லாம் ராணி. அவ உப்பு சுமக்கறவ."

"அஞ்சாம் மாடிக்கு உருளைக்கிழங்கு சுமக்கறேனே."

"அத மேடையில செஞ்சு காட்டுங்க. ஆத்துல ஐஸ் உடையற வரைக்கும் பாக்கலாம். வரலேன்னா அந்தப் பொண்ணுதான் போவா."

கதையில் அம்மா வருவது விடியற்காலையில். இரவெல்லாம் படகில் மூட்டை ஏற்றிவிட்டு, கடைசி மூட்டையோடு பலகைமேல் ஏறி வீட்டுக்கு வருகிறாள். பெஞ்சில் மகள் தூங்குகிறாள். கதை முடிவில், காதலனைத் தேடி ஆற்றோடு போய்விட்ட மகளின் மூட்டையை அம்மா தன் முதுகில் ஏற்றிக்கொள்கிறாள். அவ்வளவுதான். ஆட்டமே இல்லை. நடக்க வேண்டும், சுமக்க வேண்டும், உட்கார வேண்டும்.

முதல் நாள் ஒத்திகையில் இனெஸ்ஸா மரத்தூள் மூட்டையோடு பலகைமேல் ஏறி வந்தபோது, யாரோ வெளிநாட்டு அரசர் அனுப்பிய சீதனத்தைக் கொண்டுவருவது போல இருந்தது. பெஞ்சில் உட்காரும் முன், அழுக்கு ஏப்ரன் கட்டிய அந்தக் கிழவி, பின்னால் புரளாத தோகையைப் பாதத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அரைவட்டம் திரும்பி உட்கார்ந்தாள். மகளாக ஆடும் உல்யானா தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தவள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பலகை சரியில்ல" என்றாள் இனெஸ்ஸா. "கோணலா இருக்கு."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார் சாவ்வா, பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து.

"நம்ம மேடை நெஜமாவே கோணல்தானே! பின்னாலேர்ந்து முன்னால சரிவாத்தானே கட்டியிருக்காங்க!"

"அப்போ நீங்க சொல்றதும் சரி, நான் சொல்றதும் சரி. இன்னொரு தடவ ஏறுங்க ராணியம்மா."

ஏறினாள். தினமும் ஏறினாள். தோகை போகவில்லை. குனிந்து நடந்து பார்த்தாள். கூனல் விழுந்த ராணியாகத் தெரிந்தாள். நொண்டிப் பார்த்தாள், காயம்பட்ட ராணி. உல்யானா நல்ல பெண், சிரிப்பதை விட்டுவிட்டாள். அதுதான் இனெஸ்ஸாவை இன்னும் வருத்தியது. ஆற்றில் ஐஸ் கறுக்க ஆரம்பித்தது. இரண்டு நாளில் உடையும் என்று மீன்காரர்கள் சொன்னார்கள்.

அன்றைக்கு ஒத்திகையில் அவளுக்குக் களைப்பு. நடிக்கக்கூடத் தெம்பில்லை. மூட்டையோடு மேலே வந்தாள். பெஞ்சில் உல்யானா சுருண்டு கிடந்தாள், கால்கள் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்தன. அந்தக் கால்களைப் பார்த்ததும் இனெஸ்ஸாவுக்குக் காபா ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் பசை நாற்றத்தோடு உள்ளே வரும் காபா. மூட்டையை இறக்க வேண்டும் என்பதே இனெஸ்ஸாவுக்கு மறந்துபோயிற்று. முதுகில் பாரத்தோடு அப்படியே குனிந்து, இரண்டு விரலால் அந்தப் பெண்ணின் காலுறை நுனியை அழுத்திப் பார்த்தாள். ஈரமா? விரல்நுனியில் ஆடிய புண்ணிலிருந்து ரத்தமா? ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூட்டையை இறக்கினாள். சத்தம் வராமல் இறக்கினாள். பிறகு அப்படியே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தோகைக்கு அங்கே இடமில்லை.

பியானோ நின்றுபோயிருந்தது. ராபர்ட் ஃபைஸோவிச் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"நான் இத அமைக்கலையே."

"எடுத்துடணுமா?"

"எடுத்தா உங்கள ஆத்துல தள்ளிடுவேன்" என்றார்.

ஆக, வேஷம் கிடைத்தது. ரயிலில் எல்லோரும் பாட்டும் சீட்டாட்டமுமாக வந்தார்கள். கிளேப்பும் எக்காளக்காரனும் ஒரே பெட்டியில், ஒரே கோழியைப் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தார்கள். இனெஸ்ஸா ஜன்னலோரம் கல்லாக உட்கார்ந்திருந்தாள். அக்காவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைத்தாள், ஒவ்வொரு ஞாயிறும் காபா முந்திக்கொண்டாள். "நீல உடையா, சிவப்பு உடையா? முத்து உண்டா?" ஒரு பெண் தன் வாலிபத்தையே செருப்புப் பசையில் போட்டு, தங்கையை வளர்த்துவிட்டாள். அதற்குப் பலனாக ஒரு மாலை, ஒரு கிரீடம், நீனாவின் முன்னால் கொஞ்சம் பெருமை. அதைக்கூடக் கொடுக்க முடியாமல் கந்தல் ஏப்ரனோடு போய் நிற்கப்போகிறோமே என்று இனெஸ்ஸா நினைத்துக்கொண்டே வந்தாள்.

மாஸ்கோ மேடை எங்களுடையதைவிட மூன்று மடங்கு. திரை இடுக்கில் பார்த்தாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் காபா உட்கார்ந்திருந்தாள். புதுச் சால்வை, வாடகைக்கு எடுத்த தூரக்கண்ணாடி, முழங்கால்களுக்கு நடுவே கைத்தடி. எவ்வளவு சின்னவளாகிவிட்டாள்! போனில் கேட்கும் குரலுக்கு இந்த உடம்பு போதாது. அவள் நீனாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ராணி எப்போது வருவாள் என்றுதான் இருக்கும்.

எங்கள் ஊரில் இனெஸ்ஸா மேடையில் கால் வைத்தாலே கைதட்டுவார்கள், நம்ம ராணியம்மா என்று. மாஸ்கோவில் அவளை யாருக்குத் தெரியும்? பலகைமேல் ஏறி வந்தபோது ஒரு சத்தம் இல்லை. மூட்டையோடு நின்றாள். உல்யானா தூங்கிக்கொண்டிருந்தாள். இனெஸ்ஸா குனிந்து, இரண்டு விரலால் அவள் காலுறையைத் தொட்டாள்.

அரங்கில், முன்வரிசைப் பக்கம், ஒரு கைத்தடி தரையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டையை மெல்ல இறக்கினாள்.

நாட்டியம் முடிந்து நல்ல கைதட்டல் கிடைத்தது. பேப்பரில் ஒருவர் புகழ்ந்து எழுதினார். இன்னொருவர் படகு பெரிதாக இருக்கிறது என்று எழுதினார், சாவ்வா அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அதெல்லாம் அப்புறம். இனெஸ்ஸா வேஷத்தைக்கூடக் கலைக்காமல் கலைஞர்கள் வாசலுக்கு ஓடினாள். காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்து காபாவை உட்கார வைத்திருந்தான். நீனா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ராணி வருவான்னு சொன்னீங்களே..." என்று நீனா ஆரம்பித்தாள்.

"நீனா, கார் வந்துடுச்சான்னு கொஞ்சம் பாத்துட்டு வா" என்றாள் காபா. நீனா போன பிறகு தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். கந்தல் ஏப்ரன், சிவப்புச் சாயம் பூசிய காது, மரத்தூள் ஒட்டிய தோள்.

"என்ன மன்னிச்சுடுக்கா" என்றாள் இனெஸ்ஸா. "கிரீடம் இல்ல. சொல்ல வாய் வரல."

"கிரீடத்த விடுடி." காபா அவள் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் காலுறையத் தொட்டுப் பாக்கறது... அது யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல."

"ஷிப்ட் முடிஞ்சு நான் வர்றப்போ நடுராத்திரி தாண்டியிருக்கும். நீ பாப்பா. நல்லா தூங்கிட்டிருப்ப. யாருக்கும் தெரியாதுன்னுதான் நான் இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன்."

இனெஸ்ஸா அக்காவின் காலடியில், அந்த வாசல் தரையில் உட்கார்ந்தாள்.

"தூங்கலக்கா. ஒரு நாள்கூடத் தூங்கல. நீ வந்து தொட்டுப் பாத்த அப்புறம்தான் தூங்குவேன்."